வர்க்கிக்கு மாற்று உறை தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். குன்னூரில் விறகடுப்பு வைத்துச் சின்ன அளவில் வர்க்கி (அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருக்கும் ஊட்டிப் பண்டம்) போடுகிறோம். உறை விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும்.

2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்கப் பிளாஸ்டிக் தடை வந்ததுமே கேரி பேக்கை விட்டுத் துணிப்பைக்கு மாறிவிட்டோம். அதில் சிரமமே இல்லை. வர்க்கியைச் சுற்றும் உறைதான் சிக்கல். ஆடி மாத மஞ்சில் காகிதப் பையில் வைத்தால் மறுநாளே அடுக்கெல்லாம் நமத்து, கடித்தால் சவசவவென்று இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், அதை இப்படிக் கொடுக்க மனசு வரவில்லை.

மக்கும் உறை என்று ஒருவர் மாதிரி கொண்டுவந்தார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழைக் கேட்டேன், காட்டவில்லை. மக்காச்சோளத்திலிருந்து செய்யும் அந்த வகை மக்குவதற்கு 50, 60 டிகிரி சூடு வேண்டும். நம் குளிரில் குழியில் அப்படியே கிடக்கும். காட்டுமாடு தின்றால்?

2026 ஏப்ரல் முதல் குப்பையை நான்காகப் பிரிக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், பிரிக்கிறோம். ஆனால் பழைய பேப்பர் கடைக்காரர் வனஸ்பதி அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பிசுக்குப் பிடித்த கவரைத் திருப்பித் தந்துவிடுகிறார்.

அந்தக் கவரை வாங்குபவர்கள் கோத்தகிரி, மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கிறார்களா? டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தருவதுபோல, தகர டப்பாவில் விற்று டப்பாவைத் திரும்ப வாங்கிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? முன்பணம் எவ்வளவு வைத்தீர்கள், டப்பா திரும்பி வந்ததா என்று விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.