இருவருக்கான லேசான டென்ட்: ஹம்ப்டா பாஸ் அனுபவங்கள்

இமாச்சலத்தில் இருக்கும் ஹம்ப்டா பாஸ் கணவாய்க்குப் போகத் திட்டமிடும் ஜோடிகள் டென்ட் பற்றி நிறையக் கேட்பதால் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை மட்டும் அமர்த்திக்கொண்டு, சுமையை நாங்களே தூக்கி, நானும் மனைவியும் ஜோப்ராவிலிருந்து சத்ரு வரை நடந்தோம்.

கணவாயின் உயரம் ஏறத்தாழ 4,270 மீட்டர். அங்கே மூச்சு வாங்கும்போது முதுகில் இருக்கும் ஒவ்வொரு அரைக் கிலோவும் தெரியும். அதனால் எல்லோரும் எடையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அகலத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். கீழே விரித்துப் படுக்கும் சாதாரண மேட் 51 செ.மீ. அகலம், இரண்டு போட்டால் 102. லேசான டென்ட்கள் பலவும் தலைப்பக்கம் 130 செ.மீ. அளவில் இருந்து, கால்பக்கம் 107 வரை குறுகிவிடும். சாதாரண மேட் என்றால் கச்சிதமாக அடங்கும். 64 செ.மீ. மேட் இரண்டு போட்டால் கால்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். டென்ட் வாங்கும் முன் உங்கள் மேட்டை அளந்து பாருங்கள்.

அப்புறம் வாசல். உயரத்தில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், குடித்தால் ராத்திரியில் எழுந்தே ஆக வேண்டும். எங்கள் டென்ட்டில் பக்கத்துக்கு ஒரு வாசல். ஒருவர் எழுந்து போனது இன்னொருவருக்குத் தெரியாது. ஈர ஷூவும் பையும் அவரவர் வாசல் பக்கத்திலேயே கிடக்கும். இதற்காக 300 கிராம் கூடுதலாகத் தூக்கினேன். இன்னொரு தடவை போனாலும் தூக்குவேன்.

பாலு கா கேராவில் ஓடையை ஒட்டிய புல்வெளியில் தங்கினோம். விடியும்போது மேல்துணியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர். மழை பெய்யவில்லை, எல்லாம் எங்கள் மூச்சுதான். உள்ளே வலைத்துணி தனியாக இருக்கும் இரட்டை அடுக்கு டென்ட் என்பதால் ஸ்லீப்பிங் பேக் நனையவில்லை. குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை மூடுவதுதான் பலரும் செய்வது. மூடினால் ஈரம் இன்னும் கூடும். துவாரத்தைத் திறந்து வைத்து, தொப்பி போட்டுத் தூங்குங்கள். ஓடையிலிருந்து கொஞ்சம் மேடான இடம் கிடைத்தால் இன்னும் நல்லது, குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தேங்கும். மதியம் வெயில் வந்ததும் பாறைமேல் விரித்தால், சாப்பிட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடும்.

மதுரையிலிருந்து பதில்

நல்ல பதிவு அண்ணா. நானும் தங்கையும் அதே வழியில் போனோம். எங்களுடையது தனிக் கம்பிகள் இல்லாத வகை டென்ட், நடைக்கோலை நிறுத்திக் கட்டுவது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஏறும்போது சுகமாக இருந்தது. ஆனால் இந்த வகை முளைகளின் பிடியில்தான் நிற்கும். கணவாயைத் தாண்டி ஷியா கோரு முகாமுக்கு இறங்கினால் தரையெல்லாம் கல், காற்றும் பலம். முளை இரண்டு விரற்கடை இறங்கியதும் கல்லில் முட்டி நின்றுவிட்டது.

வழிகாட்டி ஐயா காட்டிய வழி இது. கயிற்றின் நுனியை நீளமாக விட்டு, முஷ்டியளவு கல் ஒன்றில் சுற்றிக் கட்ட வேண்டும். அந்தக் கல்லுக்கு முன்னால், டென்ட் பக்கமாக, கயிற்றின் மேலேயே தலையளவு கல்லைத் தூக்கி வைக்க வேண்டும். காற்று இழுக்க இழுக்கச் சின்னக் கல் பெரிய கல்லில் போய் முட்டிக்கொள்ளும். இரவு முழுக்க அசையவில்லை. பெரிய கல்லில் நேராகக் கட்டினால் அதன் கூர்முனையில் கயிறு உரசி அறுந்துவிடும் என்றார். ஆளுக்கு நாலு மீட்டர் கயிறு கூடுதலாகக் கொண்டுபோங்கள், எடை ஒன்றும் பெரிதில்லை.

இன்னொன்று, சிலிகான் பூசிய நைலான் துணி நனைந்தால் தளரும். படுக்கும் முன் ஒரு முறை கயிறுகளை இழுத்துக் கட்டிவிடுங்கள். பாலியெஸ்டரில் இந்தத் தளர்ச்சி மிகக் குறைவு. சுமையைப் பிரிக்கும்போது மேல்துணி, முன்னால் நடப்பவரிடம் இருக்கட்டும். முகாமுக்கு வந்ததும் மழை பிடித்தால் அது முதலில் கைக்கு வர வேண்டும்.

சென்னையிலிருந்து பதில்

வீட்டுக்கு வந்தபின் நடப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நம் ஊர்ப் புழுக்கத்தில்தான் டென்ட் கெடுகிறது. பாலியூரிதேன் பூச்சுள்ள துணியை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், ஒரு புளித்த வாடையும் வரும். நான் பழைய டென்ட் ஒன்றை வாங்கப் போனபோது, தரைத்துணியை விரித்ததுமே அந்த வாடை அடித்தது. மடிப்புகள் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் சரசரவென்று பூச்சு உரிந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். பழையது வாங்குகிறவர்கள் மூலை முடுக்கெல்லாம் முகர்ந்தே பாருங்கள்.

ஊர் திரும்பியதும் இரண்டு நாள் நிழலில் காயப்போட்டு, அதன் சின்னப் பைக்குள் திணிக்காமல் பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள். வெயில் வேண்டாம், நைலான் நாளடைவில் இற்றுப்போகும்.

முதல் பதிவர்

தம்பி சொன்னது ரொம்ப முக்கியம். புதிதாக வாங்குகிறவர்கள் தையலையும் பாருங்கள். இருபுறமும் சிலிகான் பூசிய துணியில் தையலை மூடும் டேப் ஒட்டாது, சிலிகான் பசையை நாமே தையல்மேல் தடவி ஒரு நாள் காயவிட வேண்டும். அப்புறம் மொட்டை மாடியில் விறைப்பாகக் கட்டி, மேலே பூவாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தால், எந்தத் தையலில் கசிகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.