கட்டு நனையக் கூடாது என்று சொன்னேன்

தீக்காயப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்:

தெருவில் வசிக்கும் ஓர் ஐயா, காயம் பட்டு ஆறு நாள் கழித்துத்தான் வந்தார். குளிருக்கு மூட்டிய தீ போர்வையில் பற்றியிருக்கிறது. செயற்கை இழைப் போர்வை எரியும்போது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காலில் அவரே சுற்றியிருந்த துணியை உப்புநீரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. காயத்தின் ஓரங்களைத் தொட்டாலே துடித்தார். நடுவில் வெளுத்து விறைத்திருந்த இடத்தைத் தொட்டபோது அசையவே இல்லை. “அங்கே ஆறிவிட்டது சிஸ்டர்” என்றார். ஆறவில்லை, நரம்பு நுனிகளும் சேர்ந்து வெந்திருந்தன. ஆழமான தீக்காயம் இப்படித்தான் ஏமாற்றும்.

முன்பே ஏன் வரவில்லை என்று கேட்டேன். “பையை யாரிடம் விட்டு வருவது?” என்றார். அடையாளச் சான்றுகள், ஒரு புகைப்படம், மாற்றுடை எல்லாம் அதில்தான். தொற்று பரவும் என்பதால் வார்டுக்குள் அதை வைத்துக்கொள்ள அனுமதியில்லை. அவர் எழுந்து போகவே ஆயத்தமானார். ஒரு பெரிய உறையில் போட்டுக் கட்டி, கண்ணெதிரே அலமாரியில் பூட்டி, சாவியை அவர் கையிலேயே கொடுத்த பிறகுதான் படுத்தார்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் காலில் ஒட்டினார்கள். ஒட்டிய தோல் பிடிக்கும்வரை காலை அசைக்கக் கூடாது. ஐந்து நாளும் சொன்னபடி கிடந்தார். தவறு எங்களுடையது, அவரை அனுப்பிய நாளில். வழக்கமான தாளை எடுத்து வாசித்தேன். தொடையில் போட்ட கட்டு நனையக் கூடாது. காலை உயர்த்தி வைக்க வேண்டும். கால் புண்ணைத் தினமும் சுத்தமான நீரில் கழுவி மருந்து தடவ வேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தத் தண்ணீர் எங்கே கிடைக்கும் சிஸ்டர்?” என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. என்னிடம் பதில் இல்லை.

இப்போதெல்லாம் முகவரிக் கட்டத்தில் கோடு இழுத்துவிட்டு நகர்வதில்லை. இரவில் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுகிறேன். தினமும் தடவும் களிம்புக்குப் பதிலாக, ஏழு நாள் வரை பிரிக்காமல் விடக்கூடிய வெள்ளி கலந்த கட்டைப் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கிறேன். விலை கூடுதல்தான். சீழ் பிடித்த காலை மறுபடி அறுப்பதைவிட அது மேல்.

மூன்று ஆண்டுகள் தெருவில் இருந்தவர்:

அந்தப் பை விஷயம் சத்தியமான உண்மை. எனக்குக் காயம் நெருப்பால் வரவில்லை, வெயிலால் வந்தது. வலிப்பு வந்து தார்த்தரையில் விழுந்து கிடந்தேன். கடும் வெயிலில் அது 60 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூட்டில் தோல் வேகச் சில விநாடிகள் போதும். நான் எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. பலர் என்னைத் தாண்டிப் போயிருப்பார்கள். மருத்துவமனையில் மூன்று பேர் அடுத்தடுத்துக் கேட்ட முதல் கேள்வி, “குடித்திருந்தாயா?” நான்காவதாக வந்த இளம் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, “விழுவதற்கு முன் என்ன நடந்தது, ஐயா?” என்று கேட்டார். அதன் பிறகுதான் வலிப்புக்கு மருந்து கிடைத்தது. மற்ற மூவரும் முதுகுக்குக் கட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இரவில் சுற்றிவரும் தன்னார்வலர்:

தீப்பட்ட இடத்தில் ஓடும் குளிர்நீரை 20 நிமிடம் விட வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு என்று பயிற்சியில் கற்றோம். பனிக்கட்டி கூடாது, பற்பசை கூடாது. எல்லாம் மனப்பாடம். ஓர் இரவு இரண்டு மணிக்கு, கொதிநீர் கொட்டிய கையோடு ஓர் அம்மா எங்களிடம் ஓடிவந்தார். பொதுக் கழிவறை பூட்டியிருந்தது. பூங்காக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வண்டியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மெல்லிய தாரையாக ஊற்றினோம். எட்டாவது நிமிடத்தில் எல்லாம் காலி. பக்கத்துக் கட்டடத்தின் இரவுக் காவலாளி நாங்கள் நிற்பதைப் பார்த்து வந்தார். எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாவின் கையைப் பார்த்தார், பூட்டைத் திறந்தார், குழாயையும் அவரே திறந்துவிட்டார்.