உரும்பிராய்த் திவசமும் எங்கள் சின்னவனும்

குழு: எங்கட வீட்டுக்காரர்

வியாழக்கிழமை

மாமி: பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வருவேன் என்று ஐயர் சொல்லிவிட்டார். எல்லோரும் ஏழு மணிக்கே உரும்பிராய்க்கு வந்துவிடுங்கோ. சின்னவனை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. போன வருடம் கும்பத்துத் தேங்காயைத் தூக்கிக்கொண்டு ஓடினவன்.

அக்கா: குத்துவிளக்குக்குக் கிட்டப் போனதுதான் எனக்குப் பயம். நெருப்பு என்று சொல்லச் சொல்லக் கையை நீட்டினான்.

அம்மா: அன்றைக்கு அவனை இணுவிலில் என்னோடு விட்டுவிடுங்கோ. சனம் கூடுகிற இடத்தில் பிள்ளை பேச்சு வாங்க வேண்டாம்.

நான்: அம்மா, அவனுடைய அப்பப்பாவின் திவசம் அது. அவன் அங்கே நிற்கத்தான் வேண்டும். கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எல்லோரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இரவு பிள்ளைகள் படுத்த பிறகு இங்கேயே எழுதுகிறேன்.

தம்பி: எழுதுங்கோ அக்கா. நானும் கேட்க இருந்தேன்.

நான்: போன உடனே ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை. முதலில் காதையும் கண்ணையும் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பிறகு எங்களுக்கு ஒரு படிவம், வகுப்பு ரீச்சருக்கு ஒரு படிவம். இந்தக் கவனமின்மையும் குழப்படியும் 12 வயதுக்கு முதலே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும், வீட்டில் மட்டுமல்லாமல் பள்ளிக்கூடம் போன்ற வேறு இடத்திலும் தெரிய வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாட்டு மிகைச் செயற்பாட்டுக் கோளாறு என்று சொன்னார்கள். கவனத்தையும் உடம்பையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிற திறன் மூளையில் பிந்தி வளர்கிறது. 2007 இல் அமெரிக்காவில் மூளைப் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மூளையின் மேற்படை முதிர்வது இந்தப் பிள்ளைகளுக்குச் சராசரியாக 3 வருடம் பிந்துகிறது என்று கண்டார்கள். முதிர்கிற ஒழுங்கு மற்றப் பிள்ளைகளுடையது போலத்தான், காலம்தான் பிந்துகிறது. அவனுக்கு வயது 8. சும்மா இருக்கிற விஷயத்தில் அவனிடம் 5 வயதுப் பிள்ளையின் பொறுமையைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு வீட்டில் சத்தம் பாதி குறைந்துவிட்டது.

அக்கா: அப்படியென்றால் போனைக் கொடுத்தால் மட்டும் எப்படி ஒரு மணித்தியாலம் அசையாமல் இருக்கிறான்? கவனம் இல்லாத பிள்ளை என்றால் அதிலும் இருக்கக் கூடாதே.

நான்: நானும் இதைத்தான் முதலில் கேட்டேன், அக்கா. அவனிடம் கவனம் இருக்கிறது. வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்கம் அதைத் திருப்புவதுதான் கஷ்டம். போன் விளையாட்டு ஒவ்வொரு நொடியும் புதிதாக ஒன்றைக் காட்டுகிறது, உடனே புள்ளி கொடுக்கிறது. கணக்குக் கொப்பி அப்படிச் செய்யாது.

மாமி: இவன் அப்பாவும் சின்ன வயதில் இப்படித்தான். வேப்பமரத்தில் ஏறினால் விளக்கு வைக்கும்வரை இறங்க மாட்டான். அவனுக்கு ஒரு மருந்தும் கொடுக்கவில்லை. அடி விழுந்தது, வளர்ந்தான்.

சின்னவன் அப்பா: அம்மா, அடி வாங்கியதால் நான் திருந்தவில்லை. எதற்கு அடி விழுகிறது என்றே எனக்கு அந்த நேரத்தில் விளங்காது. கை போன பிறகுதான் செய்தது தெரியும். சின்னவனுக்கும் அப்படித்தான் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிகிறது.

நான்: மாமி, நீங்கள் சொன்னதை வைத்தியரும் கேட்டார். வீட்டில் வேறு யாராவது இப்படி இருந்தார்களா என்று. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இதில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 வீதம் வரை என்று வந்திருக்கிறது. வளர்ப்புப் பிழையால் வருவதில்லை. உங்கள் வளர்ப்பிலும் பிழை இல்லை, என் வளர்ப்பிலும் பிழை இல்லை.

அம்மா: சீனியை நிறுத்திப் பார்த்தாயா பிள்ளை? பனங்கட்டியும் கொடுக்கிறாய். வல்லாரைச் சம்பல் ஒரு மாதம் கொடுத்தால் மூளைக்கு நல்லது என்று எனக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பவா?

நான்: வல்லாரை கொடுங்கோ அம்மா. உங்கள் கைச் சம்பல் என்றால் அவன் இன்னும் இரண்டு கவளம் சாப்பிடுவான். ஆனால் இதற்கு மருந்து அது இல்லை. சீனியையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1995 இல் பல பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, சீனி சாப்பிட்ட பிள்ளைகளின் நடத்தையில் மாற்றம் இல்லை என்றுதான் முடிவு வந்தது. பல்லுக்காகக் குறைக்கிறேன், குழப்படிக்காக இல்லை.

தம்பி: அக்கா, கோபிக்காதீர்கள். கிளினிக்கில் கொடுத்த குளிசை பழக்கமாகிவிடாதா? இங்கே வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் பயத்தில் பிள்ளைக்குக் கொடுக்கவே இல்லை.

ரொறன்ரோ மச்சாள்: இப்போதுதான் வேலையால் வந்து பார்க்கிறேன். தம்பி, என் மூத்தவனுக்கும் அதே மருந்துதான், மெதில்பெனிடேற். 1950களில் இருந்து பாவனையில் இருக்கிறது. வைத்தியர் சொன்ன அளவில், அவர்கள் கண்காணிப்பில் கொடுத்தால் பிள்ளை அதற்கு அடிமையாவதில்லை. பசி குறையும், சில பிள்ளைகளுக்கு நித்திரையும் பிந்தும். அதனால்தான் நிறை, உயரம், இரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காகப் பார்ப்பார்கள். என்னவன் முதல் மாதம் மதியச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. இரவில் இரண்டு மடங்கு சாப்பிட்டான்.

நான்: இங்கேயும் அப்படித்தான், மச்சாள். காலையில் வயிறு நிறையக் கொடுத்துவிட்டுத்தான் குளிசை. அதன் வேலை ஏறக்குறைய 4 மணித்தியாலம். ஏழு மணிக்குக் கொடுத்தால் பதினொரு மணியோடு இறங்கிவிடும். ரீச்சரின் முறைப்பாடுகள் எல்லாம் இடைவேளைக்குப் பிறகு நடந்தவையாக இருந்ததற்குக் காரணம் அதுதான். குளிசை குணத்தை மாற்றுவதில்லை. நாங்கள் சொல்வது அவனுக்குள் போய் நிற்கக் கொஞ்ச நேரம் தருகிறது. அந்த நேரத்தில் பழக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

அக்கா: பள்ளிக்கூடத்தில் இன்னும் வெளியே நிற்க விடுகிறார்களா?

நான்: போன தவணையில் வெயிலில் முழங்காலில் நிற்க வைத்திருந்தார்கள். அது இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு உடல் தண்டனை கொடுக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே இருக்கிறது. இவர் போய் அமைதியாகக் கதைத்தார்.

சின்னவன் அப்பா: இந்த வருட ரீச்சர் நல்லவர். யன்னலோரத்தில் இருந்தவனை முன் வாங்குக்கு மாற்றிவிட்டார். கணிதத்தை முதல் பாடமாக வைக்கிறார். பாதியில் எழுப்பிப் பலகை அழிக்க விடுகிறார், கொப்பிகளைக் கொடுத்துவிட்டு வரச் சொல்கிறார். எழும்பி நடக்க அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, வகுப்பும் குழம்பவில்லை.

அக்கா: தரம் 5 புலமைப்பரிசிலுக்கு இன்னும் இரண்டு வருடம்தானே. பின்னேரம் ஒரு ரியூசன் போட்டால் என்ன?

நான்: வேண்டாம், அக்கா. பின்னேரம் மருந்து இல்லாத நேரம், பள்ளிக்கூடத்தில் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வருகிற நேரம். அவனுக்கு ஓட வேண்டும். ஒழுங்கையில் சைக்கிள் ஓடிவிட்டு வந்தால்தான் பத்து நிமிடமாவது எழுதுகிறான். பத்து நிமிடம் எழுத்து, பிறகு ஐந்து நிமிடம் முற்றம், பிறகு திரும்பவும் பத்து நிமிடம். எனக்கு அது போதும்.

தம்பி: சைக்கிள் என்றதும் ஞாபகம் வருகிறது. தவணைப் பரீட்சையில் முதல் ஐந்துக்குள் வந்தால் புதுச் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதைக் கேட்கிறானா?

நான்: அதைப் பற்றி உன்னிடம் கதைக்க வேண்டும், தம்பி. மூன்று மாதம் தள்ளி இருக்கிற பரிசு அவனுக்கு இல்லாதது மாதிரிதான். இன்று செய்ததற்கு இன்றே கிடைக்க வேண்டும். காலையில் சொல்லாமலே சப்பாத்துப் போட்டால் கலண்டரில் ஒரு வட்டம், ஐந்து வட்டம் சேர்ந்தால் நல்லூருக்குப் போய் ஐஸ்கிரீம். உன் சைக்கிளையும் மார்க்கோடு கட்டாதே. வட்டங்கள் நிறையச் சேர்ந்ததும் கொடுப்போம்.

தம்பி: சரி அக்கா. அப்படியே செய்வோம்.

பெரியவள் (அப்பாவின் போன்): அம்மா, நானும் தினமும் சப்பாத்துப் போடுகிறேன். எனக்கு யாரும் வட்டம் போடுவதில்லை. அவன் என் கொம்பஸ் பெட்டியைக் கிணற்றுக்குள் போட்டதற்கும் பேச்சு விழவில்லை. “அவனுக்கு அப்படி” என்று சொல்லிவிட்டீர்கள்.

நான்: குஞ்சு, இன்னும் படுக்கவில்லையா?

பெரியவள்: வாசித்துக்கொண்டிருந்தேன்.

நான்: நீ சொல்வது சரி. அவனுக்குக் காரணம் இருக்கிறது என்பதற்காக உன் பெட்டிக்குப் பதில் இல்லாமல் போகக் கூடாது. நாளைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போவோம். அவனுடைய உண்டியல் காசில்தான் வாங்குவது, அவன் கையாலேயே உன்னிடம் தரட்டும். உன் மேசை லாச்சிக்குப் பூட்டும் வாங்குவோம். வட்டம் உனக்கு வேண்டுமென்றால் போடுகிறேன்.

பெரியவள்: வட்டம் வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் அவன் இல்லாமல் நீங்களும் நானும் மட்டும் எங்கேயாவது போக வேண்டும்.

நான்: போவோம். இந்தச் சனியே.

அம்மா: நான் அவனை வைத்திருக்கிறேன், பிள்ளை. ஒவ்வொரு சனியும் கொண்டுவந்து விடு. பெரியவள் கேட்காமலே எல்லாம் செய்கிற பிள்ளை. அவளையும் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை

மாமி: இரவு முழுக்க இதையெல்லாம் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்றைக்கு என்னதான் செய்வது என்று சொல்லு, பிள்ளை. ஐயர் மந்திரம் சொல்லும்போது பேசாமல் இரு என்றால் இருப்பானா?

நான்: இருக்க மாட்டான், மாமி. “ஓடாதே, தொடாதே, கத்தாதே” என்று தூரத்தில் இருந்து சொன்னால் அவனுக்குப் போய்ச் சேராது. கிட்டப் போய், தோளில் கை வைத்து, செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லுங்கோ. “இந்தச் செம்பை ஐயரிடம் கொடு.” அது முடிந்த பிறகு அடுத்தது. செய்தவுடனே நல்லது என்று சொல்லுங்கோ. இதை எல்லோரும் ஒரே மாதிரிச் செய்தால்தான் சரிவரும். நான் ஒன்று சொல்ல அக்கா இன்னொன்று சொன்னால் அவன் இரண்டையும் விட்டுவிடுவான்.

அக்கா: விளங்குகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, உன்னைப் பார்த்துச் செய்கிறேன்.

மாமி: வாழையிலை கழுவித் துடைக்க விடலாமா? கிழிப்பானோ?

நான்: இரண்டு இலை கிழியும். கூடுதலாக வெட்டி வைப்போம். காகத்துக்குச் சோறு வைக்கிறதையும் அவனிடமே கொடுங்கோ. அதற்கு அவன் காத்திருப்பான்.

மாமி: ஒரு விஷயம்தான் எனக்கு மனம் கேட்கவில்லை. படையல் முடியும் முன் யாரும் வாயில் ஒன்றும் வைப்பதில்லை. நீ குளிசைக்கு முன் சாப்பாடு என்கிறாய்.

நான்: ஓம் மாமி, அதைத்தான் உங்களிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெறும் வயிற்றில் கொடுத்தால் பிறகு பகல் முழுக்கச் சாப்பிட மாட்டான். கொடுக்காமல் விட்டால் மூன்று மணித்தியாலமும் அவனுக்கும் கஷ்டம், ஐயருக்கும் கஷ்டம்.

ரொறன்ரோ மச்சாள்: அம்மா, அப்பா இருந்திருந்தால் பேரன் பசியோடு நிற்க விட்டிருப்பாரா?

மாமி: விட மாட்டார். எனக்குத் தெரியும்.

மாமி: சின்னப் பிள்ளைக்கு என்ன விரதம். ஆறரைக்கே கூட்டி வா. பின் அறையில் இடியப்பமும் சொதியும் வைத்திருக்கிறேன். பெரியவளும் அவனோடு இருந்து சாப்பிடட்டும். யாராவது கேட்டால் நான் பதில் சொல்கிறேன்.

நான்: நன்றி மாமி.

சின்னவன் அப்பா: நான் கிரியையில் இருப்பேன், எழும்ப முடியாது. கிணற்றடிப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். உரும்பிராய்க் கிணற்றுக்கட்டு உயரம் குறைவு. இவன் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டான்.

தம்பி: நான் சனி இரவு பஸ்ஸில் வருகிறேன், அத்தான். காலையிலேயே அங்கே நிற்பேன். மந்திரம் நீண்டால் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கோயிலடி வரைக்கும் ஓடவிட்டுத் திரும்பக் கொண்டுவருகிறேன்.

நான்: அது நல்லது. ஆனால் ஆள் நிற்கிறார் என்று கிணற்றைத் திறந்து விட வேண்டாம். இவர்களுக்கு யோசனை வருமுன் கால் போய்விடுகிறது. மூட வேண்டும்.

சின்னவன் அப்பா: நாளைக்குப் பின்னேரம் கம்பி வலை வாங்கிக்கொண்டு போய்க் கட்டுகிறேன். அம்மா, கிணற்றின் வாய் எத்தனை அடி என்று யாரையாவது கொண்டு அளந்து சொல்லுங்கோ.

மாமி: பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறேன். அளந்தவுடன் போடுகிறேன். பழைய சாறத்துத் துண்டு இரண்டும் எடுத்து வைத்திருக்கிறேன், வலையின் கூர் அவன் கையைக் கிழிக்காமல் ஓரத்தைச் சுற்றிக் கட்டலாம்.