வேன் சைடு பந்தல் காத்துக்கு நிக்க மாட்டேங்கு, என்ன செய்யலாம்?

வடசேரி_வண்டிக்காரன்:
மக்களே ஒரு சந்தேகம். பழைய டெம்போ டிராவலர் ஒண்ணு வாங்கி உள்ள கட்டில் அடுப்பு எல்லாம் வச்சு கேரவன் மாதிரி ஆக்கியிருக்கேன், சைடுல எட்டடிக்கு ஏழடி தார்பாய ரூஃப் கேரியர்ல கட்டி முன்னாடி ரெண்டு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு) கால் குடுத்திருக்கேன். போன வாரம் குடும்பத்தோட சங்குத்துறை பீச்சுல போட்டோம், மத்தியானம் வர ஒரு பிரச்சனையும் இல்ல, மூணு மணிக்கு மேல அடிச்ச காத்துல ஒரு கால் மணலோட பிடுங்கிட்டு மொத்தமும் வண்டிக்கு மேல மறிஞ்சு கேரியர் கிளாம்ப் வளைஞ்சு போச்சு. மீன் கொழம்பு சட்டி போனது தனிக்கதை, வீட்டுக்காரி இன்னும் அதத்தான் சொல்லிட்டு இருக்கா. பைப்ப இன்னும் கனமா போட்டா நிக்குமா? ஆடில ஆரல்வாய்மொழி பக்கமும் போய் தங்கணும்னு ஆச.

கொளச்சல்_வள்ளம்:
அண்ணே பைப்ப விடுங்க, காலுக்கு பிடி இல்ல அதான் விஷயம். காஞ்ச மணல்ல முளை அடிச்சா மாவுல ஊசி குத்துன மாதிரி. ரெண்டடி குழி தோண்டி பச்ச தென்னமட்ட துண்டு ஒண்ணு நடுவுல கயிறு கட்டி குறுக்க போட்டு மண்ண மூடி நல்லா மிதிச்சு விடுங்க, மட்ட இல்லன்னா சிமெண்ட் சாக்குல மணல் நெறச்சு புதைங்க. கயிறு சரிஞ்சு வரணும், நேரா மேல நின்னா பிடுங்கிரும். நைலான் கயிறு நனைஞ்சா கொஞ்சம் நீளும், அதனால மழ பெஞ்சா ஒருக்கா எறங்கி இறுக்கி கட்டணும், சோம்பல் பட்டா போச்சு.

தக்கல_பந்தல்:
மேல சொன்னது சரி. ஆனா காத்து அடியில பூந்து தூக்குகதுதான் மெயின். வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுக பலம் நாலு மடங்கு ஆகும், ஒங்க தார்பாய்க்கு 40 கிலோமீட்டர் காத்துல ஒரு 40 கிலோ கனம் வரும்னா 80ல 150க்கு மேல, அத ரெண்டு கால் எப்படி தாங்கும்? காத்து வார பக்கத்துக்கு வண்டிய குறுக்க நிப்பாட்டி பந்தல மறுபக்கம் போடுங்க, முன்பக்கம் ஒரு மூலைய நல்லா தாழ்த்தி கட்டுங்க, தண்ணியும் வடியும், இல்லன்னா ஒரு சதுர மீட்டர்ல ஒரு சென்டிமீட்டர் தண்ணி நின்னாலே 10 கிலோ. தொளதொளன்னு படபடக்க விட்டா துணி ஓரத்துல இருந்து கிழியும். ஓரத்துல கயிறு வச்சு மடிச்சு தைக்கச் சொல்லுங்க, கயிறு கோக்க தார்பாய் ஓரத்துல இருக்க ரிங் பிஞ்சு போச்சுன்னா கூழாங்கல் ஒண்ண துணிக்குள்ள வச்சு அது கழுத்துல கயிற சுத்தி கட்டுங்க, ரிங்க விட நிக்கும்.

வேல்ஸ்ல_ஒரு_குமரிக்காரன்:
இங்க கேரவன் வச்சிருக்கவங்க ஸ்டார்ம் ஸ்ட்ராப்னு ஒரு பட்டை நாடா போடுவாங்க, பந்தலுக்கு மேல குறுக்க போட்டு ரெண்டு பக்கமும் தரையில பிடிப்பாங்க, முனையில ஸ்பிரிங் இருக்கும், காத்து இழுக்கும்போது ஸ்பிரிங் வாங்கிக்கிடும், முளைக்கு நேரா அதிர்ச்சி போகாது. நம்மூர்ல லாரி பெல்ட்டே போதும், அதோட ஒரு ஸ்பிரிங் சேத்துக்கோங்க. வண்டிக்கும் தரைக்கும் நடுவுல உள்ள இடைவெளியையும் துணி கட்டி மறைப்பாங்க, அதுவழியா பூந்துதான் காத்து பந்தல தூக்கும். ஆனா பெருங்காத்து வரும்னு அறிவிச்சா இங்க எவனும் வீரம் காட்டுகது இல்ல, சுருட்டி உள்ள வச்சிட்டு படுத்திருவான்.

வடசேரி_வண்டிக்காரன்:
ரொம்ப நன்றி மக்களே. அப்போ கேரியர் கிளாம்ப இன்னும் தடிப்பா வெல்டு வைக்கட்டுமா?

தக்கல_பந்தல்:
வேண்டாம். கிளாம்ப் இரும்பா நின்னா அடுத்து கேரியரே பேந்து வரும், அதோட ரூஃபும் கிழியும். துணிய கேரியர்ல கட்டுகதுக்கு ஒரு மெல்லிசு கயிறு போடுங்க, அது முதல்ல அறுபட்டா போனது கயிறு மட்டும்தான். கடல் பக்கம்னா ஸ்குரூ எல்லாம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுங்க, ஜிஐ ஒரு வருசத்துல துரு பிடிச்சிரும்.

கொளச்சல்_வள்ளம்:
அப்புறம் ஆடில ஆரல்வாய்மொழின்னு சொன்னியளே, கணவாய் வழியா வார காத்துக்குத்தான் அங்க கரண்டு எடுக்க அத்தன காத்தாடி நட்டு வச்சிருக்கானுவ, அங்க போய் எதுக்கு தார்பாய்? 2017ல ஒக்கி புயல்ல தென்னமரமே வேரோட சாஞ்சு கெடந்தது, எங்க தெருவுல பாத்தவன் நான்.

வடசேரி_வண்டிக்காரன்:
சரி சரி ஆரல்வாய்மொழி கேன்சல் 😀 சாக்கு நாலு எடுத்து வச்சாச்சு, லாரி பெல்ட்டும் வாங்கியாச்சு. ஞாயித்துக்கெழம சொத்தவிளைல போட்டு பாத்துட்டு சொல்லுகேன், கொழம்பு மட்டும் வண்டிக்குள்ள.