கீரிங்: சாவிவளையமா, திறப்புக்கோர்வையா, பெட்டகமா?

கிளிநொச்சி, அறிவியல்நகரிலிருந்து

வணக்கம். லினக்ஸ் கணினிகளில் வரும் நோம் (GNOME) மேசைத்தளத்தில் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கீரிங் (keyring) பகுதிக்கு நாம் எழுதும் தமிழ்ச் செய்திகளில் ஒரு சொல் மட்டும் இழுபட்டுக்கொண்டு நிற்கிறது. கீரிங் என்பதைச் 'சாவிவளையம்' என்று சொல்லுக்குச் சொல் போட்டால் திரையில் வருவது இது:

"உள்நுழைவுச் சாவிவளையத்தைத் திறக்கக் கடவுச்சொல்லை உள்ளிடவும். கணினிக்குள் நுழைந்தபோது உள்நுழைவுச் சாவிவளையம் திறக்கப்படவில்லை."

பாடசாலைக் கணினிக்கூடத்திலோ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திலோ இருந்து இதை வாசிக்கிறவர் எந்தக் கடவுச்சொல்லை அடிப்பார்? வைஃபையினுடையதா, ஜிமெயிலினுடையதா, கணினியினுடையதா? வளையம் என்ற சொல் ஒரு துப்பும் தருவதில்லை. மூன்றையும் அடித்துப் பார்த்துவிட்டு 'இரத்து' பொத்தானை அழுத்துவார். அடுத்த நிமிடம் குரோம் திறந்தவுடன் அதே சாளரம் திரும்ப வரும்.

சொல்லைப் பேச முன், அந்தச் சாளரம் ஏன் வருகிறது என்பதை எல்லோரும் ஒரே மாதிரி விளங்கிக்கொள்வது நல்லது. வைஃபை, மின்னஞ்சல், உலாவி என்று செயலிகள் வைத்திருக்கும் இரகசியங்களைப் பிறர் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கிச் சேமிக்கும் சேவைதான் நோம் கீரிங். அதில் 'லொகின்' என்ற கோப்பு நீங்கள் கணினிக்குள் நுழையும் கடவுச்சொல்லாலேயே பூட்டப்பட்டிருக்கும். உள்நுழைவுத் திரையில் அடிக்கும் கடவுச்சொல்லை, உள்நுழைவைச் சரிபார்க்கும் பி.ஏ.எம் (PAM) என்ற அடுக்கு இந்தச் சேவைக்கும் கொடுத்துவிடும். ஒழுங்காக இருக்கும் கணினியில் சாளரம் கண்ணில் படாததற்குக் காரணம் அதுதான். படுகிறதென்றால் இரண்டிலொன்று: நுழையும்போது யாரும் கடவுச்சொல் அடிக்கவில்லை, அல்லது அடித்த கடவுச்சொல்லும் கீரிங்கின் கடவுச்சொல்லும் வெவ்வேறு.

என் முன்மொழிவு 'திறப்புக்கோர்வை'. இங்கே யாரும் சாவி என்று சொல்வதில்லை, திறப்பு என்றுதான் சொல்கிறோம். 'விசைவளையம்' என்று மட்டும் போகவேண்டாம். விசை என்பதை விசைப்பலகைக்குக் கொடுத்தாயிற்று.


வவுனியாவிலிருந்து

அண்ணை, திறப்பு எங்கள் சொல் என்பதில் எனக்கும் விருப்பம்தான். ஆனால் செய்திகளில் அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். 'திறப்புக்கோர்வையைத் திற', 'திறப்புக்கோர்வை திறக்கப்படவில்லை'. திறப்பு என்பது 'திறப்பு விழா' என்கிற பொருளிலும் வரும் சொல். ஒரே வரியில் இரண்டு தரம் 'திற' வந்தால் வாசிக்கிறவர் தடுக்கி விழுவார்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. 'கடவுச்சொற்களும் திறப்புகளும்' செயலியைத் திறந்து, இடப்பக்கத்தில் லொகின் என்பதில் வலச்சொடுக்குச் செய்தால் 'பூட்டு', 'பூட்டைத் திற', 'கடவுச்சொல்லை மாற்று', 'இயல்பிருப்பாக்கு' (Set as default) என்ற தெரிவுகள் வருகின்றன. கோர்வையை யார் பூட்டுகிறார்கள்? பூட்டவும் திறக்கவும் முடிகிற ஒன்றின் பெயர்தான் இதற்குப் பொருந்தும். உள்ளே இருப்பதும் திறப்புகள் மட்டுமில்லை, கடவுச்சொற்களே கூடுதல். ஆகவே கொள்கலப் பெயர் ஒன்றுக்குப் போவோம். 'பேழை' எப்படி? சின்னச் சொல், பொத்தானுக்குள் அடங்கும்.

கடவுச்சொல் வேறுபடுவதற்கான காரணங்களையும் எழுதிவிடுகிறேன், செய்திகளை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும். பயனர் தானே, தன் பழைய கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதியதை வைத்தால் கீரிங்கும் சேர்ந்தே மாறும். நிருவாகி வேறொருவருடைய சொல்லை மாற்றினாலோ, மறந்துபோனதென்று மீட்பு முறையில் போய்ப் புதிதாக வைத்தாலோ, கீரிங் பழைய சொல்லிலேயே நிற்கும். பழைய சொல் தெரியாமல் அந்தக் கோப்பை மறுபடி மறைகுறியாக்க வழியில்லை. பழுது என்று இதை எடுக்கக்கூடாது, பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. ஆசிரியர் மாறிப் போனபின் கணினிக்குப் பொறுப்பானவர் சொல்லை மாற்றிக் கொடுக்கும் இடங்களில் இந்தச் சாளரம் ஓயாமல் வருவது இதனால்தான்.

பழைய சொல் நினைவிருந்தால் வேலை சுலபம். மேலே சொன்ன வலச்சொடுக்கில் 'கடவுச்சொல்லை மாற்று', முதலில் பழையது, பிறகு இப்போது உள்நுழையப் பாவிக்கும் சொல். வெளியேறி மீண்டும் நுழைந்தால் சாளரம் வராது.


முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பிலிருந்து

அக்கா, பேழை வேண்டாம். இந்த மண்ணில் மரண அறிவித்தல் வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் பேழை என்றால் என்ன ஞாபகம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். சின்னச் சொல் என்பதற்காக அதைத் தினமும் திரையில் கொண்டுவந்து நிறுத்தக்கூடாது.

பெட்டகம் இருக்கிறதே. நெல்லுக்குக் கொம்பறை, காணி உறுதிக்கும் நகைக்கும் பெட்டகம். பூட்டும் உண்டு, திறப்பும் உண்டு, உள்ளே இருப்பது பெறுமதியானது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. 'உள்நுழைவுப் பெட்டகம்', 'இயல்பிருப்புப் பெட்டகம்', 'பெட்டகத்தைப் பூட்டு'. எந்த வரியிலும் தடுக்கவில்லை.

சாளரம் வரும் காரணங்களில் இங்கே அதிகம் காண்பது தானியங்கி உள்நுழைவு. கரண்ட் போய் வரும் இடங்களில், கணினி தானாக மேசைத்தளம் வரை வரட்டும் என்று அதைப் போட்டுவிடுகிறார்கள். கடவுச்சொல்லே அடிக்கப்படாதபோது பி.ஏ.எம் எதைக் கொடுக்கும்? கைரேகையால் நுழைந்தாலும் இதே கதைதான், ரேகையிலிருந்து கடவுச்சொல் பிறக்காது. இப்படிப்பட்ட கணினியில் முதன்முதல் குரோமைத் திறக்கும்போது 'புதிய கீரிங்குக்குக் கடவுச்சொல் தெரிவுசெய்க' என்று வரும். அதில் யாரோ எதையோ அடித்துவிட்டுப் போனால், 'இயல்பிருப்பு' என்று தனியாக ஒன்று உண்டாகி, அதன் சொல் ஒருவருக்கும் தெரியாமல் கிடக்கும். பிறகு தானியங்கி உள்நுழைவை நிறுத்தினாலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அது லொகின் இல்லை. லொகினை வலச்சொடுக்கி 'இயல்பிருப்பாக்கு' கொடுத்தால் இனிச் சேமிப்பவை அங்கே போகும். ஏற்கனவே மற்றதற்குள் இருப்பவை அங்கேயேதான் இருக்கும்.

கீரிங்கின் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால் சாளரம் நின்றுவிடும் என்று பலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். நிற்கும், உள்ளிருப்பவை மறைகுறியாக்கம் இல்லாமல் வட்டில் கிடக்கும் என்ற எச்சரிக்கையோடு. அந்த எச்சரிக்கையின் தமிழ் மிகத் தெளிவாக இருக்கவேண்டும், ஏனென்றால் அதை வாசிக்காமல் 'தொடர்க' அழுத்துவதுதான் வழக்கம். என் வரி: "பெட்டகம் பூட்டில்லாமல் இருக்கும். இந்தக் கணினியின் வட்டைக் கையிலெடுக்கும் எவரும் உங்கள் கடவுச்சொற்களை வாசிக்கலாம்."

பலர் ஒரே கணக்கில் நுழையும் கணினிக்கூடத்தில் இதற்குச் சரியான தீர்வு, உலாவியில் கடவுச்சொல் சேமிப்பை நிறுத்துவதும் வைஃபைச் சொல்லை எல்லாப் பயனருக்குமாக வைப்பதும்தான். வலையமைப்பு இணைப்புத் திருத்தியில் வைஃபைக் கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் படவுரு இருக்கும். அதைச் சொடுக்கி 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று மாற்றினால் அந்தச் சொல் கீரிங்கை விட்டு, முறைமையின் கோப்புறைக்கு, நிருவாகி மட்டும் வாசிக்கக்கூடிய கோப்பாகப் போய்விடும்.


மாங்குளத்திலிருந்து

பெட்டகத்துக்கு என் ஆதரவும் உண்டு. ஆனால் தம்பி, ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடவுச்சொல் சேமிக்கும் பிட்வார்டன் செயலியில் வால்ட் (vault) என்று வருகிறது, லினக்ஸின் இன்னொரு மேசைத்தளமான கே.டி.ஈ பிளாஸ்மாவில் வால்ட்ஸ் என்று தனி வசதியே இருக்கிறது. அவற்றுக்கும் பெட்டகம் என்பதுதான் முதலில் வாயில் வரும். கே.டி.ஈ.யின் கே-வாலட் (KWallet) வேறு இருக்கிறது. நோம் கீரிங்கும் கே-வாலட்டும் செய்வது ஒரே வேலை, பிளாஸ்மா வால்ட்ஸ் செய்வது கோப்புறைகளை மறைகுறியாக்குவது. எல்லாவற்றையும் பெட்டகம் என்று போட்டால், உதவி கேட்பவர் எதைச் சொல்கிறார் என்று நமக்கே தெரியாமல் போகும்.

என் யோசனை: கீரிங்குக்கும் வாலட்டுக்கும் 'கடவுச்சொல் பெட்டகம்', முதல் தடவைக்குப் பிறகு சுருக்கமாகப் 'பெட்டகம்'. கோப்புறைகளை மறைக்கும் வால்டுக்குக் 'காப்பறை'. வாலட்டுக்குப் பணப்பை என்று போடவே கூடாது. அதைப் பார்த்தவுடன் வங்கி அட்டை விவரம் கேட்கிறது என்று பயப்படுவார்கள், பயப்படுவதும் சரியே.

கே-வாலட்டிலும் தானாகத் திறப்பதற்கு நிபந்தனைகள் உண்டு. பெட்டகத்தின் பெயர் கே.டி.ஈ-வாலட் என்ற இயல்புப் பெயராகவே இருக்கவேண்டும், மறைகுறியாக்க முறை புளோஃபிஷ் ஆக இருக்கவேண்டும், கடவுச்சொல் உள்நுழைவுச் சொல்லோடு ஒத்திருக்கவேண்டும். உருவாக்கும்போது ஜி.பி.ஜி என்ற மற்ற முறையைத் தெரிவுசெய்திருந்தால் பி.ஏ.எம் திறக்காது. அப்படியான பெட்டகம் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்.

ஃபயர்ஃபொக்ஸ் இதில் சேராது. லினக்ஸிலும் அது தன் கடவுச்சொற்களைத் தன் கோப்பிலேயே வைத்திருக்கிறது. அதற்கு வைக்கும் பூட்டு 'முதன்மைக் கடவுச்சொல்'. அந்தத் தொடரைக் கீரிங்குக்கு எடுத்தால் குழப்பம் வரும், விட்டுவிடுவோம்.


கிளிநொச்சி, அறிவியல்நகரிலிருந்து

சரி, திறப்புக்கோர்வையை நான் மீளப் பெறுகிறேன். பூட்ட முடிகிற பொருளாக இருக்கவேண்டும் என்ற வாதம் வலுவானது.

அடுத்தது, பெட்டகத்தைத் திறக்கும் சொல்லுக்கே ஒரு தனிப் பெயர் வேண்டுமா? 'பெட்டகச்சொல்' என்று வைத்தால் வைஃபைச் சொல்லோடு குழம்பாது. "பெட்டகச்சொல்லைத் தருக" என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும்.


வவுனியாவிலிருந்து

அதில் ஓர் ஆபத்து இருக்கிறது அண்ணை. பெட்டகச்சொல் என்று வாசித்தவுடன், 'நான் அப்படியொன்று வைக்கவே இல்லையே' என்பார்கள். உண்மையில் அவர்கள் தனியாக ஒன்றும் வைத்திருக்கமாட்டார்கள், அது உள்நுழைவுச் சொல்லேதான், அல்லது மாற்றுவதற்கு முந்திய உள்நுழைவுச் சொல். இல்லாத மூன்றாவது சொல்லைத் தேட வைக்கும் பெயர் நமக்கு வேண்டாம். 'பெட்டகத்தின் கடவுச்சொல்' என்று நீட்டியே எழுதி, எது என்பதை அடுத்த வரியில் சொல்லிவிடுவோம்.

திரையில் 'கடவுச்சொல்' கேட்கும் சாளரங்கள் வேறும் உண்டு என்பதையும் மனதில் வைக்கவேண்டும். வைஃபைச் சாளரம் வலையமைப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கும். மென்பொருள் நிறுவும்போது வரும் உறுதிப்பாட்டுச் சாளரம் நிருவாகியின் உள்நுழைவுச் சொல்லைக் கேட்கும். இரண்டிலும் பெட்டகம் என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டால், உதவி கேட்பவரிடம் 'பெட்டகம் என்று எழுதியிருக்கிறதா?' என்ற ஒரே கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொரு காரணம் தமிழ் எழுதுபவர்களுக்கே உரியது. நுழைந்தபின் மேசைத்தளத்தில் தமிழ்99 விசைப்பலகைத் தளவமைப்பு தெரிவாகியிருந்தால், சரியான சொல்லை அடித்தும் பிழை என்று வரும், புள்ளிகள் மட்டும் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. சூப்பர் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அடிக்கவேண்டும். பிழைச் செய்தியில் இதற்கு இடமிருந்தால் நல்லது.


முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பிலிருந்து

பழைய சொல் அறவே தெரியாதவருக்கான குறிப்பையும் உதவிப் பக்கத்தில் சேர்க்கவேண்டும். வீட்டுக் கோப்புறையில் கொன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்தவை தெரியும். புள்ளியில் தொடங்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் கீரிங்ஸ். அங்கே லொகின் என்ற பெயரில் கீரிங் என்று முடியும் கோப்பு இருக்கும். அதை அழிக்காமல் வேறிடத்துக்கு நகர்த்தவும், பழைய சொல் என்றைக்காவது நினைவுக்கு வரலாம். வெளியேறிக் கடவுச்சொல் அடித்து நுழைந்தால் புதிய வெறும் பெட்டகம் உண்டாகும்.

இழப்பை முன்னமே சொல்லிவிடவேண்டும். குரோம் தன் சேமிப்பைப் பூட்டும் திறப்பை இந்தப் பெட்டகத்துக்குள்தான் வைக்கிறது. பெட்டகம் போனால் அந்தக் கணினியில் குரோம் சேமித்த சொற்களை வாசிக்க முடியாது. கூகுள் கணக்கோடு ஒத்திசைத்திருந்தால் அங்கிருந்து திரும்ப வரும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தளத்திலும் புதிதாக வைக்கவேண்டியதுதான். குரோமைப் பெட்டகமே பாவிக்காதபடி 'பேசிக்' சேமிப்புக்கு மாற்றும் வழியும் உண்டு. அப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒரே திறப்பால்தான் பூட்டு, அதைப் பாதுகாப்பு என்று எழுதி ஏமாற்றக்கூடாது.


மாங்குளத்திலிருந்து

இதுவரை பேசியதை வைத்து வரிகளை எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வரியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தலைப்பு: "கடவுச்சொல் பெட்டகம் பூட்டியிருக்கிறது"

விளக்கம்: "உள்நுழைவுப் பெட்டகத்தின் கடவுச்சொல்லைத் தருக. பெரும்பாலும் அது இந்தக் கணினிக்குள் நுழையும் கடவுச்சொல்லே."

சொற்கள் ஒத்துவராதபோது: "கணினிக்குள் நுழையும் கடவுச்சொல் மாறியிருக்கிறது, பெட்டகத்தினுடையது மாறவில்லை. பழைய கடவுச்சொல்லைத் தருக."

பிழை: "கடவுச்சொல் பொருந்தவில்லை. விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறதென்று பார்க்கவும்."

பொத்தான்கள்: "திற", "இரத்து". 'பூட்டைத் திற' என்பது சிறிய திரையில் வெட்டுப்படுகிறது, அதனால் பொத்தானில் மட்டும் 'திற'.

பொத்தானை விசைப்பலகையாலேயே அழுத்த உதவும் குறுக்குவிசைக்கு அடிக்கோடு எந்த எழுத்தில் வரும் என்பது மட்டும் மிச்சம். 'தி' போன்ற உயிர்மெய்யின் நடுவில் அடிக்கோட்டுக் குறியைப் போட்டால் கொம்பும் விசிறியும் பிரிந்து காட்டுகிறது, அதை எழுத்துக்கு முன்னால் வைத்து இரண்டு வெவ்வேறு எழுத்துருக்களில் பார்த்தபின் கோப்பில் சேர்ப்போம்.