புதுப்பிப்பு: 2-மெத்தில்சைக்ளோஹெக்சனோனில் மெத்தில் எந்தப் பக்கம் சேரும்?

இந்தக் கீட்டோனில் எல்டிஏ (லித்தியம் டைஐசோபுரோப்பைலமைடு என்ற வலிய காரம்), மெத்தில் அயோடைடு போட்டால் 2,6-டைமெத்திலோடு (புது மெத்தில் மறுபக்கக் கார்பனில்) 2,2-டைமெத்திலும் (ஏற்கெனவே மெத்தில் உள்ள கார்பனிலேயே) ஏன் கலந்து வருகிறது என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். விஷயம் சேர்க்கும் வரிசையில் இருக்கிறது.

காரத்தைக் கீட்டோனுக்குள் விட்டால், புரோட்டானை இழந்து உருவான எனோலேட் என்ற எதிர்மின் அயனிக்குப் பக்கத்திலேயே மிச்சக் கீட்டோன் இருக்கும். இரண்டும் புரோட்டானைக் கைமாற்றிக் கைமாற்றிச் சமநிலைக்குப் போய்விடும். பதிலீடு மிகுந்த, அதாவது மெத்தில் உள்ள பக்கத்து எனோலேட் ஓங்கிவிடும்; அதிலிருந்துதான் 2,2 வருகிறது.

சற்று மிகையான எல்டிஏவை டெட்ராஹைட்ரோஃபியூரானில் −78 டிகிரி செல்சியஸில் வைத்து, கீட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட்டால் 2,6-தான் பெரும்பங்கு. பருமனான காரம் நெரிசலற்ற பக்கத்துப் புரோட்டானையே பிடுங்குகிறது. எல்டிஏ புரோட்டானைப் பெற்றால் ஆகும் டைஐசோபுரோப்பைலமீனின் பிகேஏ (எண் கூடக்கூட அமிலத்தன்மை குறைவு) சுமார் 36, கீட்டோனுடையது 20 வாக்கில். அதனால் புரோட்டான் எனோலேட்டுக்குத் திரும்பி வருவதில்லை. எவ்வளவு அழகான வேலை!

சரி, 2,2-தான் வேண்டுமென்றால்? கீட்டோனைக் கொஞ்சம் மிகையாக வைத்து அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள், அப்புறம் மெத்தில் அயோடைடு.