1,80,000 கி.மீ. ஓடிய கார்: எந்த சர்வீஸ் அவசியம், எதைத் தள்ளிப்போடலாம்?

நிழல்மரம்:
என் பெட்ரோல் கார் 1,80,000 கி.மீ. தாண்டிவிட்டது. வயது 11. ஆட்டோமேட்டிக் கியர், டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எஞ்சின் ஆயில் மாற்றிய பில்கள் மட்டும்தான் கையில் இருக்கின்றன. இந்த முறை சர்வீஸுக்கு விட்டபோது நீளமாக ஒரு பட்டியல் தந்தார்கள்: டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கூலன்ட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங். வண்டியில் இப்போது எந்தக் குறையும் தெரியவில்லை. இன்னும் மூன்று நான்கு வருடம் ஓடினால் போதும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வசதியில்லை. எதை முதலில் செய்வது?

வழித்துணை:
இந்த வயது வண்டியில் போடும் காசு திரும்பி வராது நண்பரே. எஞ்சின் ஆயில், பிரேக் பேடு, டயர் மூன்றையும் ஒழுங்காகப் பாருங்கள். மற்றதெல்லாம் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். நன்றாக ஓடுகிற வண்டியைப் பிரித்தால்தான் புதுத் தொல்லை ஆரம்பிக்கும். முக்கியமாக, கியர்பாக்ஸ் ஆயிலைத் தொடவே தொடாதீர்கள்.

அட்டவணைக்காரன்:
முழுக்க மறுக்கிறேன். கிலோமீட்டர் கூடக்கூடக் கவனிப்பும் கூட வேண்டும். எத்தனை கி.மீ.க்கு அல்லது எத்தனை வருடத்துக்கு எதை மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. எஞ்சினைச் செய்தவர்கள் சொல்வது அது. பில் இல்லாத வேலை, செய்யாத வேலை என்றே எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்துவிடுங்கள்.

வழித்துணை:
அந்தப் புத்தகம் புது வண்டிக்கு எழுதியது. அட்டவணையை அப்படியே பின்பற்றினால் செலவு வண்டியின் மதிப்பைத் தொட்டுவிடும். அவர் கேட்பது மூன்று நான்கு வருடம்தான்.

ஸ்பேனர்12:
தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். கெடுவதற்கு முன் அந்தப் பாகம் அறிகுறி காட்டுமா? அது கெட்டால் கூடவே வேறு என்ன போகும்?

டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சத்தமே இல்லாமல் அறுந்துபோகும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கும்; இரண்டையும் இணைப்பது இந்த பெல்ட்தான். திறந்தபடி நின்ற வால்வுகளை பிஸ்டன் வந்து அடிக்கும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் உடையும். "கெட்டால் மாற்றிக்கொள்ளலாம்" என்பது இந்த இடத்தில் எஞ்சினையே மாற்றுவதில் போய் முடியலாம். பல எஞ்சின்களுக்கு 1,00,000 முதல் 1,60,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்வார்கள். வருடக் கணக்கும் உண்டு, ஏனென்றால் வண்டி நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். 11 வருடம், பில்லும் இல்லை என்றால் நான் ஒரு நீண்ட பயணத்துக்குக்கூட அந்த வண்டியை எடுக்க மாட்டேன்.

வழித்துணை:
எல்லா எஞ்சினிலும் அப்படி இல்லையே சார். பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வைத் தொடாத எஞ்சின்களும் உண்டு. அவற்றில் வண்டி நிற்கும், அவ்வளவுதான்.

ஸ்பேனர்12:
உண்மை. நிழல்மரம், உங்கள் எஞ்சின் எந்த வகை என்று முதலில் உறுதி செய்யுங்கள். வால்வு மோதாத வகை என்றாலும் நெடுஞ்சாலையில் எஞ்சின் திடீரென்று அணைந்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் பூஸ்டரும் கொஞ்ச நேரத்தில் கைவிடும். அதையும் கணக்கில் சேருங்கள். வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டிலேயே ஓடினால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். கூலி ஒருமுறைதான், கூலன்ட்டும் எப்படியும் வடிக்கத்தான் வேண்டும். பட்டியலில் மூன்று வரி அதிலேயே முடிந்துவிடும்.

வழித்துணை:
சரி, பெல்ட் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். பிரேக் ஆயில் எதற்கு? பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது?

ஸ்பேனர்12:
நன்றாகப் பிடிக்கிற வரைக்கும் தெரியாது என்பதுதான் அதில் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீத அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரி. தினசரி ஓட்டத்தில் வித்தியாசமே தெரியாது. நீளமான இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூடு ஏறி ஆயில் கொதிக்கும், ஆவி சேரும். பிறகு பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. நீங்கள் சொன்ன மூன்றில் பிரேக் பேடும் இருந்தது. பேடை அழுத்துவது இந்த ஆயில்தான். செலவும் பட்டியலிலேயே குறைவானவற்றில் ஒன்று.

அட்டவணைக்காரன்:
நான் முதலிலிருந்து சொல்வதும் இதைத்தான். அட்டவணையில் சும்மா போட மாட்டார்கள்.

ஸ்பேனர்12:
அட்டவணையில் இருப்பவை சரி. ஆனால் சர்வீஸில் தந்த பட்டியலும் புத்தகத்தின் அட்டவணையும் ஒன்றல்ல. எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங் இரண்டும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ஃப்ளஷ் என்பது எஞ்சின் உள்ளே கழுவ ஊற்றும் திரவம். பழைய எஞ்சினில் அதை ஊற்றினால் அடியில் படிந்த கசடு கிளம்பி ஆயில் பம்ப் வலையை அடைக்கலாம். ஆயிலைக் கொஞ்ச காலம் சீக்கிரமாக மாற்றி வந்தாலே உள்ளே மெதுவாகச் சுத்தமாகும். இன்ஜெக்டரில் அறிகுறி இருந்தால் பார்க்கலாம்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சாதாரண நிக்கல் பிளக் என்றால் ஆயுள் எப்போதோ முடிந்திருக்கும். இரிடியம் என்றால் 1,00,000 கி.மீ. வரைகூட வரும். இடைவெளி அகன்ற பிளக்கோடு ஓட்டினால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் சீக்கிரம் போகும்.

அட்டவணைக்காரன்:
ஏர் ஃபில்டரை விட்டுவிட்டீர்கள். அடைத்தால் மைலேஜ் குறையும்.

ஸ்பேனர்12:
கார்புரேட்டர் காலத்தில் அப்படி. இன்றைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அடைத்த ஃபில்டர் மைலேஜைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துச் சொன்னது. இழுவைதான் குறையும். எடுத்துப் பாருங்கள், அழுக்கென்றால் மாற்றுங்கள். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

வழித்துணை:
கியர்பாக்ஸ் ஆயிலுக்கு வாருங்கள். மாற்றிய கொஞ்ச நாளிலேயே கியர் வழுக்கி நின்ற வண்டிகளைத் தெரியும். கியர்பாக்ஸுக்குள் தேய்ந்து பழைய ஆயிலில் கலந்திருக்கும் கிளட்ச் துகள்தான் அதுவரை பிடிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பார்கள்.

அட்டவணைக்காரன்:
வழுக்க ஆரம்பித்த பிறகு, கடைசி முயற்சியாக ஆயில் மாற்றுகிறவர்கள்தான் அதிகம். பழி மட்டும் புது ஆயிலுக்கு. கியர்பாக்ஸ் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. அதே பெட்டி பொருத்திய சில கார்களின் புத்தகத்தில் "ஆயுள் முழுக்கப் போதும்" என்றிருக்கும்.

வழித்துணை:
அப்படியானால் புத்தகத்தை அப்படியே நம்பக் கூடாது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

அட்டவணைக்காரன்:
இந்த ஒரு இடத்தில், ஆமாம்.

ஸ்பேனர்12:
கியர் இப்போது வழுக்குகிறதா, தாமதமாக விழுகிறதா, ஆயிலில் தீய்ந்த வாடை வருகிறதா? அப்படி இருந்தால் முதலில் கியர்பாக்ஸ் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் மெஷின் வைத்துத் தள்ளாமல், வடித்து அதே அளவு ஊற்றுங்கள். ஒருமுறை வடித்தால் எல்லாம் வராது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிறையத் தங்கும். சில ஆயிரம் கி.மீ. கழித்து இன்னொரு முறை செய்யலாம். உங்கள் கியர்பாக்ஸுக்குச் சொன்ன ஆயில்தான் வேண்டும், சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் அதற்கென்றே தனி ஆயில். அளவை, சொன்ன வெப்பநிலையில் பார்க்க வேண்டும்.

அப்புறம் பட்டியலில் இல்லாத ஒன்று. இந்த வயதில் எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும். அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் 1,000 கி.மீ.க்கு ஒருமுறையாவது டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். இதற்குக் காசே வேண்டாம்.

நிழல்மரம்:
எல்லோருக்கும் நன்றி. விசாரித்துவிட்டேன், வால்வு மோதும் வகை எஞ்சின்தான். இந்த மாதம் பெல்ட், பம்ப், கூலன்ட், பிரேக் ஆயில். பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். ஃப்ளஷும் இன்ஜெக்டர் கிளீனிங்கும் வேண்டாம். கியர் சுத்தமாக விழுகிறது, அதனால் அடுத்த சர்வீஸில் ஆயிலை வடித்து மாற்றுகிறேன்.

வழித்துணை:
கியர்பாக்ஸில் என் கருத்து மாறவில்லை. மாற்றுவதென்றால் வடித்த ஆயிலையும் அடித்தட்டில் இருக்கும் காந்தத்தையும் நேரில் பாருங்கள். மாவு மாதிரி சாம்பல் படிந்திருந்தால் பயமில்லை. கண்ணுக்குத் தெரிகிற இரும்புச் சில் இருந்தால் மேற்கொண்டு செலவு செய்யுமுன் யோசியுங்கள்.

ஸ்பேனர்12:
அது நல்ல யோசனை. பெல்ட் போடும்போது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் ஐட்லர் பேரிங்கையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய பேரிங் சிக்கினால் புது பெல்ட்டும் போய்விடும். மாற்றிய தேதியையும் கி.மீ.யையும் எழுதி பெல்ட் கவர் மேலேயே ஒட்டிவிடுங்கள்.